ஆறாம் அறையில் இரண்டு

இது நடந்தது. இட்டுக்கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கொடைக்கானலில் நாயுடுபுரத்துக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு மாடி வீடு இன்றைக்கும் நிற்கிறது. மாடிப்படி ஏறி இடப்பக்கம் திரும்பினால் இரண்டாவது கதவு. ஆறாம் அறை. நல்ல அறைதான். சுவரில் ஈரம் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. வாடகைக்கு விடப்படும் என்று வாசலில் அட்டை தொங்குகிறது. யாரும் வருவதில்லை. வந்தாலும் ஒரு வாரம்.

பயந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தங்கங்களா. பக்கத்தில் இருப்பது யார் என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

அந்த அறையில் இருந்தவள் சத்தியபிரியா. சொந்த ஊர் மேல்மலையில் பூண்டி. அங்கே ஜீப் ஓட்டுகிற யோகராஜுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு வருடம் காலம் தள்ளினாள். யோகராஜ் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதற்காகவே ஊரில் அவனுக்கு நல்ல பெயர். அவன் அடிக்கவில்லை. எண்ணினான். தண்ணீர் எடுக்கப் போனால் எத்தனை நிமிடம், மளிகைக்காரரிடம் எத்தனை வார்த்தை, கோயில் வாசலில் எத்தனை நேரம் நின்றாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தான். அவள் போனில் எதையோ ஏற்றிவைத்திருந்தான். ஜீப்போடு பழனி அடிவாரத்தில் நின்றாலும் போன் வரும். "இப்ப மந்தையில நிக்கிற. அங்க என்ன சோலி?" என்பான். குரலை உயர்த்தவே மாட்டான்.

ஒரு நாள் விடிவதற்கு முன் அவள் போனை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். அவன் கணக்கில் அன்றைக்கு முழுவதும் அவள் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை.

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை பார்த்த காளியாயி, பேத்துப்பாறையிலிருந்து தினமும் வந்து போகிறவள், இந்த வீட்டைக் காட்டினாள். ஆம்பளை துணை இல்லாமல் வருகிறவளுக்கு அறை கொடுக்கிற வீடு மலையில் அது ஒன்றுதான் என்றாள். ஆறாம் அறைக் கதவுக்கு உள்ளே கனமான இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. முதல் நாள் சத்தியபிரியா அதைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அதன் மறுபக்கம் நின்று யாரும் நிமிடம் பார்க்கவில்லை. இந்த அறை போனால் பூண்டிதான். "அவ திரும்பி வரட்டும், நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று யோகராஜ் சொல்லியனுப்பியிருந்தான். அவன் கேட்க மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும்.

வீட்டில் கீழே நான்கு, மேலே நான்கு என்று எட்டு அறைகள். எல்லாம் வேலைக்குப் போகிற பெண்களுக்கு. ஓர் அறைக்கு ஓர் ஆள், அதுதான் சட்டம். சாப்பாட்டுக் கூடம் கீழே பொதுவில். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். அவர் சார்பில் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, கீழே முதல் அறையில் இருந்த மூக்கம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். வாய் காரம், கை தாராளம்.

மார்கழி பிறந்ததும் உறைபனி இறங்கியது. காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, சத்தம் மட்டும் வரும். அறைக்கு அறை ஹீட்டர் இருந்தும் கரண்டுச் செலவுக்குப் பயந்து வீட்டுக்காரர் அதை மெயினிலேயே நிறுத்தி வைத்திருந்தார். பெண்கள் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு ஒரு வழி செய்தார். பழனியிலிருந்து சுந்தரராஜ் என்பவன் ஏணியோடும் அட்டைப் பெட்டிகளோடும் வந்து இறங்கினான்.

இட்லித் தட்டு அளவில் வெள்ளைப் பெட்டி. அறைக்கு ஒன்று, கூரையின் நடுவில். கேமரா இல்லை, படம் பிடிக்காது என்று சுந்தரராஜ் மூன்று முறை சொன்னான். ஆனால் அறையில் ஆள் இருக்கிறதா, எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள், படுத்திருந்தால் மூச்சு ஏறி இறங்குகிறதா, அவ்வளவும் அதற்குத் தெரியும். ஆள் இருந்தால் ஹீட்டர் எரியும். போனால் அணையும். கூடத்தில் மாட்டிய டிவியில் அறை எண்ணும் பக்கத்தில் ஆள் கணக்கும் ஓடும். மூக்கம்மாவின் போனில் இன்னும் விவரமாக, அறையைக் கட்டம் போட்டுக் காட்டி, ஆளுக்கு ஒரு பச்சைப் புள்ளி. ஒவ்வொருத்தியும் தன் அறையில் பெட்டிக்கு நேர் கீழே நின்று, வலது கையைத் தூக்கி, சும்மா மூச்சு விட வேண்டும். பெட்டியின் சிவப்பு விளக்கு பச்சையானால் சம்மதம் பதிந்துவிட்டது, எட்டுப் பெட்டிக்கும் சேர்த்து. எட்டு அறையும் பச்சையானால்தான் மெயினைப் போடுவது என்பது வீட்டுக்காரர் உத்தரவு.

சுந்தரராஜ் இன்னும் ஏதேதோ விதிமுறைகள் படித்தான். ஹீட்டர் என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் எதையும் காதில் வாங்கவில்லை. தூங்குவதைக்கூடப் பார்க்குமா என்று ஒருத்தி கேட்டாள். பார்க்காது, தெரிந்துகொள்ளும் என்றான் அவன். அந்த வித்தியாசம் அவளுக்குப் போதுமாக இருந்தது. மூக்கம்மா ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லி, பிறகு கண் மறைக்கிறது என்று அவனையே ஏணி போட்டுத் துடைக்கச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் ஏழு அறை பச்சை.

சத்தியபிரியா மட்டும் நிற்க மாட்டேன் என்றாள்.

"ஏத்தா, அது ஒன்னயக் கடிச்சா திங்கப்போகுது?" என்றாள் மூக்கம்மா.

"கடிச்சாத் தேவலைக்கா. எண்ணுமே."

அவள் பட்ட கதை அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் அது திமிராகத் தெரிந்தது.

மூன்றாம் அறை சண்முகசுந்தரிக்கு மூச்சிரைப்பு. குளிர் ஏறினால் அவள் நெஞ்சு விசில் அடிக்கும். ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை, படித்தவள், பேச்சில் ஊசி. அவள் கூடத்தின் நடுவில் வைத்தே கேட்டாள். "ஒளிக்க ஒண்ணுமில்லாதவளுக்கு எதுக்குப் பயம்? நீ ஒருத்தி சுகமா இருக்க, ஏழு பேரு வெறச்சுச் சாகணுமா?"

அன்றிலிருந்து சத்தியபிரியா வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. கொடியில் அவள் போட்ட துணி தரையில் கிடந்தது. யாரோ மிதித்திருந்தார்கள். விறகடுப்பில் காய்ந்த வெந்நீர் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். ஐந்தாம் அறை தேவசேனா மட்டும், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பழனிப் பெண், யாரும் பார்க்காதபோது ஒரு தம்ளர் டீயை ஆறாம் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். பார்க்கும்போது வைக்க மாட்டாள்.

வியாழக்கிழமை மாலை 5.40. சத்தியபிரியா வேலை முடிந்து படலைத் திறந்தபோதே வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கூடத்துக்குள் காலை வைத்ததும் வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. சண்முகசுந்தரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"கடைசில மனசு வந்துச்சே. நல்லாருப்ப."

சத்தியபிரியாவுக்கு விளங்கவில்லை. டிவியைக் காட்டினார்கள். இத்தனை நாள் வெறுமையாகக் கிடந்த ஆறாம் வரிசையில் எண் வந்திருந்தது.

ஒன்று.

அவள் பார்த்தாள். தான் கூடத்தில் நிற்கிறோம். மேலே அறை பூட்டியிருக்கிறது. சாவி தன் இடுப்பில். பிறகு எப்படி ஒன்று? கேட்டாள். புதுப் பெட்டிதானே, கொஞ்சம் குழம்பும் என்றார்கள். சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை, கண்ணுகளா.

மாடிக்கு ஓடினாள். அறையில் யாரும் இல்லை. பெட்டி விளக்கு பச்சை.

இறங்கி வந்து மூக்கம்மாவைப் பிடித்தாள். மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்து, தனக்குப் பதிலாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது நீதானே என்று கேட்டாள். மூக்கம்மா பழனியாண்டவன் மேல் சத்தியம் செய்தாள். சத்தியபிரியா நம்பவில்லை. யாரோ ஒருத்தர் நின்று பச்சையாக்கிவிட்டார்கள், இனி அறையில் யார் இருந்தாலும் பெட்டி எண்ணும், நானும் அதன் கணக்கில் வந்துவிட்டேன் என்று நினைத்தாள். அன்றிரவு நாற்காலி மேல் ஏறிப் பெட்டிக்குக் கம்பளிக் குல்லா ஒன்றை மாட்டினாள். குல்லாவின் இழை வழியாகப் பச்சை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது மூடுபனி இறங்கியிருந்தது. ஏரிச் சாலையிலிருந்து வீடு வரை தன் கையே தனக்குத் தெரியாத பனி. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றால் அதுவும் நிற்கும். கொஞ்சம் தாமதமாக நிற்கும். எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். படியேறி அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கீழே கூடத்தில் ஆறாம் வரிசை மாறியது.

இரண்டு.

சண்முகசுந்தரிதான் முதலில் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு சத்தியபிரியா இறங்கி வந்ததும் எண் ஒன்றானது. சாப்பிட்டு மேலே போனதும் இரண்டானது. சண்முகசுந்தரி யாரிடமும் எதுவும் சொல்லாமல் மூன்று முறை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு எல்லாரையும் கூப்பிட்டாள். கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யார வச்சிருக்க?"

"யாருமில்ல."

"அதான பாத்தேன். பெட்டி வேணாம் வேணாம்னு ஏன் குதிச்சன்னு இப்பல்ல தெரியுது."

சனிக்கிழமை அவள் வேலையில் இருக்கும்போது டிவியில் ஒன்று நின்றது. மூக்கம்மா இந்த முறை உண்மையிலேயே மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தாள். அறை காலி. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் போர்வை ஆள் நீளத்துக்கு மேடாகக் கிடந்தது. தூக்கினாள். ஒன்றுமில்லை. ஆனால் மெத்தையில் கை வைத்தபோது ஒரு ஆள் படுத்த அளவுக்கு மட்டும் சில்லென்று இருந்தது. சுற்றிலும் கதகதப்பு, அந்த இடம் மட்டும் ஐஸ். மூக்கம்மா இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் கொக்கி போடாமல் இருந்தது என்பதை மட்டும் சொன்னாள். அது போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் ஆறாம் அறைக்குக் குழாய் வழியாக ஏறி இறங்குகிற ஒரு ஆம்பளை பிறந்துவிட்டான். அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

கோயம்புத்தூருக்குப் போன் போயிற்று. திங்கட்கிழமை காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

அன்று இரவு சத்தியபிரியாவுக்குத் தூக்கம் இல்லை. அவள் புரண்டால் இரும்புக் கட்டில் கிறீச் என்றது. அவள் அசையாமல் படுத்தாள். கொஞ்ச நேரம் அமைதி.

பிறகு... கிறீச்.

அவள் பூண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். யோகராஜின் சமையலறையை, சுவரில் அவன் மாட்டிய கடிகாரத்தை. அதனால் அந்தச் சத்தம் அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குப் பயந்தவளுக்கு மற்றதற்குப் பயப்பட நேரம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை தேவசேனா ஒரு யோசனையோடு வந்தாள். இந்தத் தடவை எல்லாரும் பார்க்க வந்தாள். பெட்டிதான் கெட்டுப்போயிருக்கிறது, அதை நிரூபித்துவிட்டால் அறை தப்பும் என்றாள். எல்லார் முன்னாலும் அறையைச் சோதிப்போம், ஆள் இல்லாதபோதும் எண் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்ல முடியும்? சத்தியபிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை நான்கு மணி. வெளியே பனி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. நான்கு மணிக்கே லைட் போட வேண்டியிருந்தது. மூக்கம்மா, சண்முகசுந்தரி, தேவசேனா மூவரும் அறைக்குள் வந்தார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். இரும்பு அலமாரியைத் திறந்தார்கள். ஜன்னலில் கொக்கி போட்டார்கள். மூக்கம்மாவின் போனில் ஐந்து புள்ளி தெரிந்தது. ஆட்கள் நான்கு.

நால்வரும் வெளியே வந்தார்கள். போனில் ஒரு புள்ளி மிச்சம் நின்றது, கட்டிலின் மேல்.

"பாத்தீங்கள்ல? காலி ரூம்ல ஆளு காட்டுது. மெசின் கோளாறுதான்" என்றாள் தேவசேனா.

சண்முகசுந்தரி சமாதானமாகவில்லை. கோளாறு என்றால் எல்லாப் புள்ளியும் கோளாறாகத்தானே இருக்க வேண்டும், இவள் உள்ளே போனால் ஒழுங்காக ஒன்று கூடுகிறதே என்றாள். மறுபடியும் இவளை உள்ளே போய் நடக்கச் சொல், எது இவள், எது பொய்ப் புள்ளி என்று பார்ப்போம் என்றாள். நியாயமாகத்தான் இருந்தது.

சத்தியபிரியா உள்ளே போனாள். மற்றவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். போன் தேவசேனா கையில்.

"ஜன்னல் பக்கம் போங்கக்கா."

போனாள்.

"ரெண்டு புள்ளி. ஒண்ணு கட்டில்ல கெடக்கு, அசையல. இன்னொண்ணு நீங்க. நடந்து வர்றீங்க... வந்துட்டீங்க." தேவசேனா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "கொஞ்சம் லேட்டா வருது."

"நெட்டு ஸ்லோவா இருக்கும்" என்றாள் சண்முகசுந்தரி.

"இப்ப அலமாரிகிட்ட."

போனாள்.

"சரி. நில்லுங்க."

நின்றாள். அலமாரிக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து. வாசல் பத்தடி தூரம். ஹீட்டர் க்ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

தேவசேனா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நின்னுட்டீங்களாக்கா?"

"நின்னுட்டேன்."

"நிக்கலையே..."

"நான் நின்னுக்கிட்டுத்தான இருக்கேன். பாக்குறீல்ல?"

தேவசேனா அவளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"நீங்க நிக்கிறீங்க. புள்ளி நடக்குது."

"எங்க?"

"கட்டிலப் பாத்து."

ஹீட்டர் நின்றது. தானாக நின்றது.

கிறீச்.

கட்டில் ஒருமுறை சொன்னது. யாரோ உட்கார்ந்தால் சொல்வதுபோல்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றாள் தேவசேனா. "அக்கா, வெளிய வந்துருங்க. வெரசா."

சத்தியபிரியாவின் கால் தரையை விட்டு எழவில்லை.

"எந்திரிச்சிருச்சு... ரெண்டும்..."

கதவு சாத்திக்கொண்டது.

மெதுவாக. காற்றுக்குச் சாத்துகிற கதவு அடித்துச் சாத்தும். இது பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுச் சாத்துகிற மாதிரி சாத்தியது.

பிறகு தாழ்ப்பாள்.

அவள் அலமாரியருகே நிற்கிறாள். தாழ்ப்பாள் பத்தடி தள்ளி, கதவில், உள்பக்கம். அது கரகரவென்று நகர்ந்து... விழுந்தது.

வெளியே மூவரும் கத்துகிறார்கள். கதவை இடிக்கிறார்கள். அது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

அறைக்குள் சத்தமே இல்லை.

அலமாரித் தகரத்தில், அவள் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு விரல் தட்டியது.

டொக்.

வலது காதுக்குப் பக்கத்தில்.

டொக்.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

மூன்றாவது தட்டுக்குச் சத்தம் இல்லை.

அது அவள் தோளில் விழுந்தது.

...

மூக்கம்மா முழு உடம்பையும் கொடுத்து இடித்ததில் தாழ்ப்பாளின் ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. கதவு திறந்தது. மணி 4.23. சாத்தியபோது 4.10. அவ்வளவு நேரமும் கதவு திறக்கவில்லையா என்று கேட்டால், இரண்டு நிமிடம்தான் இடித்தோம் என்கிறார்கள் மூவரும். சத்தியபிரியா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. சண்முகசுந்தரிதான் அவளைத் தோளோடு சேர்த்து அணைத்து வெளியே கொண்டுவந்தாள். நெஞ்சு விசிலடிக்க, மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவளை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அவளே கிளம்பினாள். ஒரு பை. பூண்டிக்குப் போகவில்லை, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். தேவசேனா காளியாயிக்குப் போன் போட்டாள். காளியாயி பேச்சை வளர்க்கவில்லை. "இங்க அனுப்பி விடு. பின்னால ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு" என்றாள். அவள் புருஷன் பொன்னுவேல் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து கூட்டிப்போனான்.

சத்தியபிரியா பையை எடுத்துக்கொண்டு அறையை விட்டு இறங்கியபோது கூடத்தில் மூக்கம்மா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வரிசையில் இரண்டு ஒன்றானது. போகட்டும், அவள் போய்விட்டாள், அதுதான் ஒன்று குறைந்தது என்று மூக்கம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள். மிச்சம் ஒன்று நின்றது. அன்றிரவு ஏழு பெண்களும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஹீட்டர் வேண்டாம் என்று மறுநாள் கோயம்புத்தூருக்குப் போன் போட்டவள் சண்முகசுந்தரி.

பேத்துப்பாறை சத்தியபிரியாவுக்குப் பிடித்திருந்தது. காளியாயி வீட்டுப் பின்னறையில் பெட்டி இல்லை, டிவி இல்லை. எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. நான்காம் நாள் தூங்கினாள். இரண்டாம் வாரம் சிரித்தாள். அந்த வீட்டில் இருந்தது எதுவோ, அது அந்த வீட்டிலேயே இருக்கிறது. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தாள். ஒரு தடவை தப்பித்தவளுக்கு இன்னொரு தடவை தப்பிக்கத் தெரியாதா?

தை பிறந்து சில நாள் கழித்து, மூஞ்சிக்கல் பஸ் நிறுத்தத்தில் சுந்தரராஜைப் பார்த்தாள். ஏணியும் அட்டைப் பெட்டிகளுமாக நின்றான். நாயுடுபுரத்து வீட்டில் எட்டுப் பெட்டியையும் கழற்றிவிட்டு வருவதாகச் சொன்னான். ஆறாம் நம்பர்ப் பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று அவர்கள் சொன்னதால் அதை முழுக்கப் பிரித்துப் பார்த்தானாம். ஒரு கோளாறும் இல்லையாம். ஒழுங்காகத்தான் வேலை செய்கிறதாம்.

"ஒழுங்கா வேலை செஞ்சா நான் ஒருத்தி இருந்த ரூம்ல ரெண்டு ஏன் காட்டுச்சு? அந்த மூக்கம்மாக்கா எனக்குப் பதிலா நின்னதுல வந்த கோளாறுதான?" என்று கேட்டாள்.

சுந்தரராஜ் தலையாட்டினான். ஒருத்தருக்குப் பதிலாக இன்னொருத்தர் நிற்க முடியாது என்றான். ஒவ்வொருத்தர் மூச்சும் வேறு. யார் நிற்கிறார்களோ அவர்கள் மூச்சைத்தான் பெட்டி பிடித்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாக நின்று சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இருக்கிற ஏழு பேர் மூச்சோடும் அந்த இரண்டும் சேரவில்லை.

"ரெண்டுல ஒண்ணு நானா இருக்கும்ல? நான் தெனமும் அதுக்குக் கீழதான கெடந்தேன்."

"நீங்க சம்மதிக்கவே இல்லையேக்கா" என்றான் அவன். சாதாரணமாகத்தான் சொன்னான். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சம்மதம் குடுக்காதவங்கள அது காட்டவே காட்டாது. சட்டம் அப்புடி. நீங்க வருசம் பூரா அந்த ரூம்ல இருந்தாலும் ஒங்க புள்ளி வராது."

பஸ் வந்தது. அவள் எப்படியோ ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

ஆறாம் அறையில் இரண்டு இருந்தது. அவள் அறையை விட்டு இறங்கியதும் ஒன்றானது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சந்தைப் பைகளோடு பதினைந்து பேருக்கு மேல் நின்றுகொண்டு வந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். ஒரு எட்டு எடுத்து வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் திருப்பிக்கொண்டு முன்பக்கம் நகர்ந்து போய்விட்டாள். வேறு யாரும் அங்கே உட்கார வரவில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று கேட்கக்கூட இல்லை.

பேத்துப்பாறை வரை சத்தியபிரியா ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திரும்பவில்லை. எண்ணவும் இல்லை.